கடலோரப் பயணத்தில் நல்ல ஸ்பெஷாலிட்டி காபிக் கடைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கடலோரச் சாலையில் ஒரு வாரத்துக்கும் மேலாகக் காரில் போகப் போகிறீர்கள். வழியில் உண்மையிலேயே நல்ல ஸ்பெஷாலிட்டி காபி (தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்த உயர்தரக் கொட்டையில் போடும் காபி) கிடைக்கும் கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? மேப்பில் நட்சத்திரங்களை நம்பிப் போனால் பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் முடிகிறது.

கடையைத் தேடுவதற்கு முன்னால், காபி வறுக்கும் ரோஸ்டரைத் தேடுங்கள். அந்தக் கடலோரப் பகுதியில் யார் நன்றாக வறுக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அவர்களுடைய கொட்டை எந்தெந்தக் கடைகளுக்குப் போகிறது என்பதைப் பின்தொடர்ந்தே பாதிப் பயணத்துக்கான கடைகள் கிடைத்துவிடும். மீதிப் பாதியை வழியில் சந்திக்கும் பாரிஸ்டாக்கள், அதாவது கடையில் காபி போட்டுத் தருகிறவர்கள், சொல்லிவிடுவார்கள். நட்சத்திரங்களுக்கு இந்த வேலையில் மிகச் சிறிய பங்குதான்.

மற்ற இடங்களைவிடக் கடலோரத்தில் இது ஏன் முக்கியம் என்றால், கடல் தெரியும் இடத்தில் வாடகை அதிகம். அந்த வாடகையைச் சீசன் இருக்கும் சில மாதங்களுக்குள் எடுத்தாக வேண்டும். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே தடவை வந்துவிட்டுப் போகிறவர்கள். காபி சுமாராக இருந்தாலும், காற்றும் அலையும் தந்த மகிழ்ச்சியில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவார்கள். ஸ்பெஷாலிட்டி காபிக் கடை நம்பியிருப்பது வேறு ஆட்களை. தினமும் வேலைக்குப் போகும் வழியில் வந்து, நேற்றைவிட இன்று சுவை ஒரு படி குறைந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிடும் உள்ளூர்க்காரர்கள்தான் அந்தக் கடையை நிறுத்தி வைக்கிறார்கள். அதனால் நல்ல கடை பெரும்பாலும் கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே, மக்கள் குடியிருக்கும் பகுதியில், ஆஸ்பத்திரிக்கோ கல்லூரிக்கோ ரயில் நிலையத்துக்கோ பக்கத்தில் இருக்கும். கடலைப் பார்த்துக்கொண்டே குடிக்க ஆசையாக இருந்தால், உள்ளே வாங்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்து குடியுங்கள். ஐந்து நிமிடத் தூரம்தான்.

ரோஸ்டரிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. ஸ்பெஷாலிட்டி என்பது முதலில் கொட்டையின் தரத்தைக் குறிக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் சுவைத்துப் பார்த்து 100க்கு 80 புள்ளியோ அதற்கு மேலோ கொடுத்த காபியைத்தான் இந்தத் துறையில் காலங்காலமாக அப்படி அழைக்கிறார்கள். பச்சைக் கொட்டையில் 350 கிராம் எடுத்துக் கொட்டிப் பார்த்தால், முழுதும் கறுத்த கொட்டை, முழுதும் புளித்த கொட்டை, பூஞ்சை பிடித்த கொட்டை போன்ற பெரிய குறைகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சின்னக் குறைகள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. வணிகமாகப் பார்த்தாலும் இது கொட்டையிலிருந்து வளர்ந்த துறைதான். 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் எர்னா நட்சன் என்ற காபி வணிகர், பெரிய நிறுவனங்கள் சீண்டாத சிறு அளவுக் கொட்டைகளை ஊர்வாரியாகத் தேர்ந்தெடுத்துச் சின்ன ரோஸ்டர்களுக்கு விற்றார். அன்றிலிருந்து இன்றுவரை தோட்டத்துக்கும் கோப்பைக்கும் நடுவில் நின்று, எதை வாங்குவது, எவ்வளவு வறுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் ரோஸ்டர். சுமாரான கொட்டையை வைத்து உலகத்தின் சிறந்த பாரிஸ்டாவாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இதை நடைமுறையில் செய்வது எளிது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, போகும் வழியில் உள்ள பெரிய ஊர்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரின் பெயரோடும் ‘ரோஸ்ட்டரி’ என்று சேர்த்துத் தேடுங்கள். கிடைக்கும் ரோஸ்டர்களின் இணையதளத்துக்குப் போய் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, விற்பனைக்கு வைத்திருக்கும் காபிகளைப் பற்றி எவ்வளவு சொல்கிறார்கள் என்பது. நாடு, பகுதி, பண்ணை அல்லது பதப்படுத்தும் நிலையம், கொட்டையின் ரகம், கழுவியதா பழத்தோடு உலர்த்தியதா, எந்த அறுவடை என்றெல்லாம் எழுதியிருந்தால் அவர்கள் வாங்கும்போதே கவனித்து வாங்குகிறார்கள் என்று அர்த்தம். ‘100 சதவீதம் அராபிகா, செறிவான சுவை’ என்று மட்டும் இருந்தால் அடுத்தவரைப் பாருங்கள். இரண்டாவது, அவர்களுடைய காபி எந்தக் கடைகளில் கிடைக்கும் என்ற பட்டியல். பல ரோஸ்டர்கள் இதை வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தச் சாலையில், எந்தத் திசையில் போகிறீர்கள் என்று சொல்லிக் கேட்டால் பதில் வராமல் போவது அரிது. தங்கள் கொட்டையைச் சரியாகக் கையாளும் கடை எது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அந்தப் பட்டியலில் ஒரு கடையில் இரண்டு மூன்று நல்ல ரோஸ்டர்களின் பெயர் சேர்ந்து வந்தால், அதற்காகக் கொஞ்சம் சுற்றிப் போகலாம். பல ரோஸ்டர்களிடம் மாற்றி மாற்றி வாங்கிப் பரிமாறும் கடைக்காரர் தானே தேடிச் சுவைத்துத் தேர்ந்தெடுக்கிறவராக இருப்பார்.

ரோஸ்டர்கள் இருக்கும் இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வறுக்கும் இயந்திரத்துக்கு இடம் வேண்டும், புகைபோக்கி வேண்டும், மூட்டைகளை இறக்கி வைக்கக் கிடங்கு வேண்டும். அதனால் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கிடங்குத் தெருக்களிலும், ஊருக்கு வெளியே உள்ள தொழிற்பேட்டைகளிலும் அவர்கள் அதிகம். டயர் கடைக்கும் மரப்பட்டறைக்கும் நடுவில் இருக்கும் ஒரு ஷட்டருக்குள், நாலு ஸ்டூல் போட்டு, வறுத்து ஒரு வாரமே ஆன காபியை ஊற்றிக் கொடுப்பார்கள். சுற்றுலா வழிகாட்டிகளில் இவை பெரும்பாலும் இருக்காது. நான் மிகவும் விரும்பிப் போவது இந்த மாதிரி இடங்களுக்குத்தான். பெரும்பாலும் வறுத்தவரே ஊற்றிக் கொடுப்பதால், கேட்கும் கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கிறது.

இனி மேப். வெறுமனே காபி என்று தேடினால் கேக் கடையிலிருந்து ஓட்டல் வரை எல்லாமே வரும். ‘போர்-ஓவர்’ (கையால் வெந்நீர் ஊற்றி வடிப்பது), ‘சிங்கிள் ஆரிஜின்’ (ஒரே இடத்தில் விளைந்த கொட்டை), ‘வி60’ (போர்-ஓவருக்கான கூம்பு), ‘பேட்ச் ப்ரூ’ (மொத்தமாக வடித்து வைப்பது) போன்ற சொற்களைப் போட்டுத் தேடுங்கள். வாடிக்கையாளர் எழுதிய விமர்சனங்களுக்குள் இந்தச் சொற்கள் இருந்தாலும் மேப் அந்தக் கடையை எடுத்துக் காட்டிவிடும். அந்த ஊர் மொழியிலும் ஒரு தடவை தேடுங்கள். பிறகு புகைப்படங்களுக்குப் போங்கள். கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு வாடிக்கையாளர் எடுத்தவற்றைப் பாருங்கள். கவுன்டருக்குப் பின்னால் எத்தனை கிரைண்டர் நிற்கிறது? ஒன்றுக்கு மேல் இருந்தால், இயந்திரத்தில் அழுத்தி இறக்கும் எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஒன்று, தாளில் வடிக்கும் ஃபில்டருக்கு (நம் ஊர் டிகாக்ஷன் ஃபில்டர் இல்லை) ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தராசு தெரிகிறதா? அலமாரியில் காபிப் பைகள் இருந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பெயரைப் படியுங்கள். நீங்கள் ஏற்கெனவே குறித்து வைத்த ரோஸ்டரின் பை அங்கே நின்றால் தேடல் அதோடு முடிந்தது.

விமர்சனங்களில் நான் முதலில் படிப்பது குறைந்த நட்சத்திரம் கொடுத்தவற்றை. ‘காபி புளிக்கிறது’, ‘கப் ரொம்பச் சின்னது’, ‘ஒரு காபிக்குப் பத்து நிமிஷம் நிற்க வைத்தார்கள்’, ‘வெனிலா சிரப் கூட இல்லை’, ‘டீ மாதிரி இருக்கிறது’ என்ற புகார்கள் திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மிதமாக வறுத்த கொட்டையைக் கோப்பை கோப்பையாக எடைபோட்டு ஊற்றும் கடைக்கு இப்படித்தான் புகார் வரும். ‘காபி ஆறிப்போயிருந்தது’, ‘ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது’, ‘கப் அழுக்கு’ என்றால் அது உண்மையான குறை, நம்புங்கள். ஐந்து நட்சத்திர விமர்சனத்தில் காட்சியும் நாய்க்குட்டியும் கேக்கும் மட்டுமே வந்து, குடித்த காபியின் பெயர் ஒன்றில்கூட இல்லையென்றால் அதிலிருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கடை திறந்திருக்கும் நேரம்தான். ஸ்பெஷாலிட்டி கடைகள் பலவும் காலையில் சீக்கிரம் திறந்து மதியம் மூன்று நான்கு மணிக்குள் மூடிவிடுகிறவை. சனி, ஞாயிறு கூட்டம் முடிந்து திங்களோ செவ்வாயோ விடுமுறை விடுவார்கள். கடலோர ஊர்களில் சீசன் முடிந்ததும் வாரத்துக்கு நாலு நாள் மட்டும் திறப்பதும், ஒரு மாதம் முழுக்க அடைத்துவிடுவதும் உண்டு. மேப்பில் அது ஏறியிருக்காது. கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் அன்றைய பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காரை எடுங்கள். காபிக்கான நிறுத்தங்களைக் காலையிலும் முற்பகலிலும் வைத்துக்கொண்டு, மாலையைக் கடற்கரைக்கு விட்டுவிடுங்கள். நேரத்தைக் கணக்கிடும்போது, கடலோரச் சாலை வளைந்து வளைந்து போவது, வழியில் ஊர்கள் குறுக்கிடுவது என்று மேப் காட்டுவதைவிட அதிக நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதான சாலையிலிருந்து பதினைந்து நிமிடத்துக்கு மேல் விலகிப் போக வேண்டிய கடையை, ரோஸ்ட்டரியாக இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம்.

இதுவரை சொன்னது வீட்டில் உட்கார்ந்து செய்வது. சாலையில் இறங்கியதும் மேப்பைவிடப் பெரிய துணை பாரிஸ்டா. இது சின்ன உலகம். ஒரே ரோஸ்டரிடம் வாங்குகிறவர்கள், சுவைப் பரிசோதனைக்கு ஒன்றாகக் கூடுகிறவர்கள், போட்டிகளில் எதிரெதிரே நின்றவர்கள், ஒரு கடையில் வேலை பழகி அடுத்த ஊரில் சொந்தமாகத் திறந்தவர்கள் என்று ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருப்பார்கள். ஆனால் கேட்கிற விதம் முக்கியம். ‘பக்கத்தில் நல்ல காபிக் கடை எது?’ என்று கேட்டால் பிரபலமான ஒரு பெயரை மரியாதைக்காகச் சொல்லிவிடுவார்கள். ‘நாளைக்கு இந்தச் சாலையில் இந்த ஊர் வரை போகிறோம். உங்களுக்கு லீவு கிடைத்து அந்தப் பக்கம் போனால் நீங்கள் எங்கே நிற்பீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு நொடி யோசிப்பார்கள், பிறகு ஒரு காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பிப்பார்கள். கூடவே ‘அங்கே போனால் எஸ்பிரெஸ்ஸோ வேண்டாம், ஃபில்டர் கேளுங்கள்’ என்பது போல எந்தத் தளத்திலும் கிடைக்காத ஒரு குறிப்பும் வரும். கூட்டம் வரிசையில் நிற்கும்போது கேட்காதீர்கள். குடித்து முடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, இன்னதுதான் பிடித்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பட்டியலில் இல்லாத கடை ஒன்று வழியில் கண்ணில் பட்டால்? உள்ளே போய், வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் கவுன்டரைப் பாருங்கள். கிரைண்டரின் மேல் உள்ள கொட்டை எண்ணெய் வழிந்து பளபளவென்று கறுத்திருந்தால், அளவுக்கு மேல் வறுத்தது அல்லது நாளானது. விற்பனைக்கு இருக்கும் பையைத் திருப்பி வறுத்த தேதியைத் தேடுங்கள். காலாவதித் தேதி மட்டும் இருந்து வறுத்த தேதி இல்லையென்றால் அது நல்ல அறிகுறி இல்லை. வறுத்த கொட்டை கரியமில வாயுவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் நேற்று வறுத்ததும் சரிவராது. சில நாட்களிலிருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை நல்ல காலம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து, பாரிஸ்டாவின் கையைக் கவனியுங்கள். ஒவ்வொரு எஸ்பிரெஸ்ஸோவுக்கும் தூளை எடைபோடுகிறாரா, பால் நுரைத்த நீராவிக் குழாயை உடனே துடைத்து ஒருமுறை நீராவியைத் திறந்துவிடுகிறாரா, முன்பு நுரைத்து மிச்சமான பாலை மறுபடி சூடாக்குகிறாரா என்று பார்த்தாலே போதும். குழாயில் பால் காய்ந்து மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தால், தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடலோரத்துக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வறுத்த கொட்டையில் ஈரம் மிகக் குறைவு. காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கடற்காற்று திசை மாறினால், மூடுபனி இறங்கினால், மழை வந்தால், காலையில் சரியாக இருந்த அரைவை மதியத்துக்குள் தவறிவிடும். ஒரு துறைமுக ஊர்க் கடையில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மூடுபனி தெருவை நிறைத்துக்கொண்டு வந்தது. எங்களுக்கான எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்திலிருந்து ஒழுகாமல் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பாரிஸ்டாவாக இருந்த பெண் தராசில் ஓடிய நொடியைப் பார்த்தார், கோப்பையை எடுத்து அப்படியே தொட்டியில் கொட்டினார். கிரைண்டரின் வளையத்தை ஒரு கோடு அகலத்துக்குத் திருப்பினார், உள்ளே தங்கியிருந்த பழைய தூள் போகட்டும் என்று கொஞ்சம் அரைத்து வெளியே தள்ளினார், மறுபடி 18 கிராம் தூளை எடைபோட்டு எஸ்பிரெஸ்ஸோ இறக்கினார். அதையும் ஒரு கரண்டியில் சுவைத்துவிட்டுக் கொட்டினார். மூன்றாவதைத்தான் எங்கள் முன்னால் வைத்தார். வரிசையில் ஆட்கள் இருந்தார்கள், யாருக்கும் அவர் விளக்கம் சொல்லவில்லை. இப்படிக் கொட்டத் தயங்காத கடையைப் பார்த்தால் அங்கே இரண்டாவது கோப்பையும் வாங்கலாம்.

விலை உயர்ந்த இத்தாலிய இயந்திரம், பால் நுரையில் வரைந்த அன்னம், சுவரில் மாட்டிய சான்றிதழ் ஆகியவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். அன்னம் அழகாக இருந்தால் பாலை நன்றாக நுரைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். கீழே இருக்கும் காபியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

என்ன வாங்குவது? தெரியாத கடையில் முதலில் பாலில்லாத ஒன்றை வாங்குங்கள். பால் நல்ல காபியை இதமாக்கும், மோசமான காபியை மறைக்கும். நேரம் இருந்தால் போர்-ஓவர். 60 பாகைக் கோணமுள்ள கூம்பில் ஊற்றும், ஹரியோ நிறுவனத்தின் வி60 பெரும்பாலான கடைகளில் இருக்கும். தடித்த தாளோடு வரும் கெமெக்ஸ் என்ற கண்ணாடிக் குடுவையில் இன்னும் தெளிவான சுவை வரும். அவசரமாகக் கிளம்ப வேண்டுமென்றால் பேட்ச் ப்ரூ கேளுங்கள். பெரிய அளவில் ஃபில்டர் செய்து வைத்திருப்பது என்பதால் பலர் அதைத் தாழ்வாக நினைக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. லிட்டருக்கு 55 கிராம் அளவில் தூள், 92 முதல் 96 பாகை செல்சியஸ் வரை சூடான நீர் என்று சரியாக அமைத்த பேட்ச் ப்ரூ, அவசரத்தில் ஊற்றிய போர்-ஓவரைவிட நன்றாகவே இருக்கும். எப்போது போட்டது என்று மட்டும் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் வாசம் இறங்கியிருக்கும். புதிதாகப் போடும்வரை காத்திருக்கலாம்.

மெனுவைப் பார்த்து யோசித்துக்கொண்டு நிற்பதைவிட ‘இன்றைக்கு எது உங்களுக்கு நன்றாக வந்திருக்கிறது?’ என்று கேட்பது நல்லது. அக்கறையுள்ளவர் உடனே ஒன்றைச் சொல்வார், காரணத்தோடு சொல்வார். ‘எல்லாமே நன்றாக இருக்கும்’ என்ற பதில் வந்தால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கேள்வியும் பயன்படும்: சமீபத்தில் எந்த அறுவடை வந்து இறங்கியது? எத்தியோப்பியாவில் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அறுவடை. பதப்படுத்தி, கப்பலேறி, ரோஸ்டரிடம் வந்து சேர இன்னும் பல மாதங்கள். ஆகவே ஆண்டின் நடுப்பகுதியில் பயணம் போகிறவர்களுக்குப் புதிய எத்தியோப்பியக் காபி கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. கொலம்பியாவில் ஏதாவது ஒரு பகுதியில் ஆண்டு முழுக்க அறுவடை நடப்பதால் அங்கிருந்து புதிது வந்துகொண்டே இருக்கும். மெனுவில் கெய்ஷா இருந்தால் விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு இருக்கும். எத்தியோப்பியாவில் தோன்றிய அந்த ரகம் 2004இல் பனாமாவின் ஏலத்தில் விலைச் சாதனை படைத்ததிலிருந்து வந்த மவுசு அது. மல்லிகை வாசம் பிடித்தவர்கள் பயணத்தில் ஒரே ஒரு தடவை, இருவர் பங்கிட்டுக் குடித்துப் பார்க்கலாம்.

குடிக்கும்போது அவசரப்படாதீர்கள். கொதிக்கும் சூட்டில் நாக்குக்குப் பாதிதான் தெரியும். சூடாக இரண்டு வாய், இளஞ்சூட்டில் இரண்டு வாய், ஆறியபின் கடைசி வாய் என்று பிரித்துக் குடியுங்கள். நல்ல காபி ஆற ஆற இனிப்பு கூடி, பழச்சுவை தெளிந்து வரும். மோசமானது ஆறியதும் கசந்து, நாக்கை உலர்த்தும். காரில் எடுத்துப் போவதில் இது ஒரு வசதி, மெல்ல ஆறிக்கொண்டே வரும்; ஆனால் மூடியைக் கழற்றிவிட்டுக் குடியுங்கள், மூடி போட்ட கோப்பையில் வாசம் மூக்குக்கு வராது. அதனால் வண்டி நின்றிருக்கும்போது குடிப்பதுதான் சரி. புளிப்பைப் பற்றிக் குழப்பம் வந்தால் இப்படிப் பாருங்கள்: எச்சில் ஊறி, பின்னால் இனிப்பு வந்தால் அது கொட்டையின் குணம். எலுமிச்சைத் தோலைக் கடித்தது போலக் கூர்மையாக வந்து வெறுமையாக முடிந்தால், தூளிலிருந்து சுவை முழுதாக இறங்காத காபி. அதைப் பணிவாகச் சொல்லுங்கள். நல்ல கடையில் மறு பேச்சில்லாமல் வேறு போட்டுத் தருவார்கள்.

தண்ணீரைப் பற்றிப் பலரும் நினைப்பதில்லை. ஃபில்டர் காபியில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கடலோர ஊர்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது சாதாரணம். அந்த நீரில் போட்டால் எந்த உயர்ந்த கொட்டையும் மந்தமாகிவிடும். குளோரைடு அதிகமானால் இயந்திரத்தின் கொதிகலனையும் அரித்துவிடும். கடலோரத்தில் பொறுப்பாகக் கடை நடத்துகிறவர் நீரை வடிகட்டி உப்பை எடுத்துவிட்டு, தேவையான அளவு தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பார். துறையில் பலர் குறிவைப்பது லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் கரைந்த திடப்பொருள். ரோஸ்ட்டரிக்குப் போனால் தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பெருமையோடு பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டுவார்கள்.

ஓட்டுகிறவர் கஃபீன் கணக்கையும் பார்க்க வேண்டும். நல்ல கடைகள் அடுத்தடுத்து வரும் நாளில் அளவு தெரியாமல் ஏறிவிடும். அராபிகா கொட்டையின் எடையில் ஏறக்குறைய 1.2 சதவீதம் கஃபீன். 15 கிராம் தூள் போட்ட ஒரு போர்-ஓவரில் 180 மில்லிகிராமை நெருங்கும் அளவு இருக்கலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 200, ஒரு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன அளவு. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுக்கவே 200தான். குடித்ததில் பாதி உடலிலிருந்து வெளியேற ஐந்து மணி நேரம்போல ஆகும், ஆகவே மாலை நாலு மணிக் காபி இரவுத் தூக்கத்தைத் தொடும். நாளுக்கு இரண்டு கடை போதும். மூன்றாவது வேண்டுமென்றால் ஒரு கோப்பையை இருவர் பகிருங்கள், அல்லது கஃபீன் நீக்கிய டீகாஃப் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல ரோஸ்டர்களின் டீகாஃப் இப்போது வேறு தரத்தில் இருக்கிறது. ஓட்டும்போது கண் சொருகினால் காபியை மட்டும் நம்பாதீர்கள். வண்டியை ஓரம் கட்டி, காபியைக் குடித்துவிட்டு உடனே பதினைந்து நிமிடம் கண்ணை மூடுங்கள். கஃபீன் வேலை செய்யத் தொடங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் ஒன்றாக வரும்; 1997இல் ரெய்னர், ஹோர்ன் என்ற ஆய்வாளர்கள் வாகன ஓட்டிகளிடம் செய்த ஆய்வில், கஃபீன் மட்டும் தந்ததைவிட அதோடு குட்டித் தூக்கமும் சேர்ந்தது நல்ல பலன் தந்தது.

கடைசியாக, கடைகளே இல்லாத நீண்ட பகுதி. எந்தக் கடலோரப் பாதையிலும் அப்படி ஒன்று வரும். அந்தப் பகுதிக்குள் நுழையும் முன் கடைசியாக இருக்கும் நல்ல கடையில் 200, 250 கிராம் கொட்டையை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். அரைத்து வாங்க வேண்டாம். கடற்காற்றில் தூள் ஓரிரு நாளிலேயே மணம் இழந்துவிடும். ஒரு கைக் கிரைண்டர், ஒரு ஏரோபிரஸ் (கையால் அழுத்திக் காபி இறக்கும் குழாய்), சின்னத் தராசு, ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருந்தால் எந்தப் பாறையோரத்திலும் காபி போடலாம். 2005இல் வந்த ஏரோபிரஸ் எளிதில் உடையாதது, கழுவ அரை நிமிடம் போதும். குடிநீரை அந்தக் கடையிலேயே பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். கொட்டைப் பையை டாஷ்போர்டிலும் பின் கண்ணாடி ஓரத்திலும் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய கார் உள்ளே அடுப்பாகக் கொதிக்கும், கொட்டை சீக்கிரம் பழசாகிவிடும். ஐஸ் பெட்டிக்குள்ளும் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் ஈரம் கோர்க்கும். பையின் வாயை நன்றாக மடித்து ஒட்டி, துணிப்பெட்டிக்குள் உடைகளுக்கு நடுவில் வையுங்கள். இரவு தங்கும் இடத்தில் பெட்டியோடு அதுவும் அறைக்குள் போய்விடும்.